கடிக்காத செருப்பு

கே.கே. நகர், மதுரை
செவ்வாய் மாலை

தம்பி சித்தார்த்துக்கு, உன் அப்பாவின் சிநேகிதன் காசிமாயன் மாமா வாட்ஸ்அப்பில் எழுதுவது.

இன்று காலை பதினொரு மணிக்கு உன் அப்பா சிவபாண்டியின் வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அறுவை செய்தவர் டாக்டர் ரோகிணி. உன்னிடம் அவன் முள் குத்தியது என்று சொன்னானாம். முள் அல்ல, செருப்பு ஆணி.

பன்னிரண்டு வருடமாக அதே தோல் செருப்பு. வார் அறுந்தால் தையல், அடி தேய்ந்தால் ஆணி. நீ துபாயிலிருந்து அனுப்பிய சர்க்கரை வியாதிக்காரர் செருப்பு, பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது. ஏன்டா என்று கேட்டேன். “பழகின செருப்பு மாப்ள, கடிக்கவே கடிக்காது. இம்புட்டு சுகம் புதுசுல வருமா?” என்றான். பாதம் மரத்துப்போய் இரண்டு வருடமாவது இருக்கும் என்கிறார் டாக்டர். மரத்த காலை எந்தச் செருப்பு கடிக்கும்? பத்து நாளாக ஆணி சதைக்குள் ஏறி நின்றிருக்கிறது. அந்த முட்டாள் அதன் மேலேயே நடந்து டீக்கடைக்கு வந்து போயிருக்கிறான்.

வார்டிலும் அதே கூத்து. கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு கண்ணில் பட்டால்தான் தூக்கம் வருமாம். ஆஸ்பத்திரிக் குப்பையில் போட்டேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

உன்னை மட்டும் மெச்சவா? உன் அம்மா போய்ச் சேர்ந்த இந்த நாலு வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் “உடம்பு எப்படிப்பா?” என்று கேட்கிறாய். “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்கிறான். நீயும் நிம்மதியாகப் போனை வைக்கிறாய். வீடியோவில் ஒரு நாளாவது பாதத்தைக் காட்டச் சொன்னாயா?

நான் தினமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தவன். போன வெள்ளிக்கிழமை ஒரு தெருநாய் வந்து அவன் காலை முகர்ந்து நின்றபோதுதான் குனிந்து பார்த்தேன். முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் ஊர்ச் செய்தி எழுதியவனின் லட்சணம் இது.

புண் மேலே ஏறுகிறது. இரத்த ஓட்டப் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு வரும். பாதம் தங்குமா என்று அப்போதுதான் டாக்டர் சொல்வார். எடுக்க வேண்டும் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான் சிவபாண்டி. “எம்மகன் எதிர்ல வந்து சொல்லட்டும், அப்பப் பார்ப்போம்” என்று டாக்டரிடம் சொல்கிறான். என் பேச்சு எடுபடாது.

வியாழன் நாலு மணிக்குள் வந்துவிடு தம்பி. வழியில் உனக்கு ஒரு குறையும் வராமல் மீனாட்சி காப்பாற்றட்டும்.

காசிமாயன்