இடதுபக்கக் கதவில் பீங்கான் இல்லை

விரல்களில் மண்ணெண்ணெய் வாடை இருக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அதற்கு அடியில் துருவின் வாடை. நனைந்த சாவிக்கொத்தை வெகுநேரம் கையில் மூடி வைத்திருந்தால் வருமே, அது. இந்தக் கையோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் அம்பாசடரின் இடதுபக்க முன்கதவை நேற்று நானே பிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் தொடவிட்டிருக்க மாட்டீர்கள். போன வாரம் பெய்த மழையில் கதவு வழியாகத் தண்ணீர் இறங்கி, காலுக்கடியில் கிடக்கும் விரிப்பு ஊறி, ஷெட்டே நாறிவிட்டது. கண்ணாடிக்குக் கீழே நீளமாக ஓடும் வெள்ளிப் பட்டை ஒரு முனையில் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே கதவின் வெள்ளைப் பெயிண்டில் பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. சவரிமுத்துவுக்குப் போன் செய்தேன். உங்களோடு அந்த ஒர்க்ஷாப்பில் பாதி ஆயுளைக் கழித்தவன். இப்போது அவனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது.

"பட்டையப் புடிச்சிருக்கிற கிளிப்பு போயிருக்கும் அண்ணி. மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வையுங்க. நாளைக்கி வரேன்" என்றான்.

பழைய பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். நாளைவரை பொறுக்கவில்லை. தோசைத் திருப்பியில் துணியைச் சுற்றி, பட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். ஒவ்வோர் இடமாக முனகிக்கொண்டு விட்டது. உள்ளே வெள்ளையாக ஏழு பீங்கான் கிளிப்புகள் பற்கள் மாதிரி வரிசையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றுகூட இல்லை. ஏழு இடத்திலும் இரும்பு. துருவில் பொரிந்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

உங்கள் பீங்கான் எங்கே?

எப்போது எடுத்தீர்கள்? நாம் திட்டக்குடிக்குப் போன அந்த நாளுக்கு முன்பா, பின்பா? நேற்று மதியத்திலிருந்து எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

அந்தப் பீங்கானை நீங்கள் செய்தபோது நமக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தொழிற்பேட்டையில் உங்கள் சின்ன ஒர்க்ஷாப்பில் மீட்டர் பெட்டிக்குப் போகும் பீங்கான் கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தீர்கள். நாலு ஆள். பழைய கார் ஒன்றை வாங்கி வந்தீர்கள். வாங்கிய முதல் மழையிலேயே கண்ணாடிப் பட்டையின் கிளிப்புகள் துருப்பிடித்துக் கழன்றன. கடையில் புதிதாக வாங்கிப் போடச் சொன்னார்கள். உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பீங்கானுக்குப் பேரு போன விருத்தாசலத்துல இருந்துகிட்டு இரும்பு துருப்பிடிக்குதுன்னு அழுவறதா? பீங்கானு துருப்பிடிக்குமா?"

தனியாக அச்சு வெட்டி, கொக்கி மாதிரி வளைத்து அழுத்தி, பளபளப்பு ஏற்றி, சூளையில் சுட்டு எடுத்து வந்தீர்கள். காலையில் எழுந்ததும் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தீர்கள். குழந்தைப் பல் மாதிரி இருந்தது. நான் ரசாயனம் படித்தவள். பீங்கானுக்குத் துரு இல்லை, ஆனால் வளைந்து கொடுக்கவும் வராது, உடைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டேன்.

ஏறியவர்கள் எல்லோரும் கதவை மெல்லச் சாத்த வேண்டும் என்பது அன்றுமுதல் சட்டம். உங்கள் சித்தப்பா மகன் முதல் வாரமே அறைந்து சாத்தினான். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். வண்டியை நிறுத்தி, நடுரோட்டில் அவனை இறக்கி நிற்கவைத்து, கதவை எப்படிச் சாத்துவது என்று காட்டினீர்கள். அவன் பிறகு நம் வீட்டுக்குப் பேருந்திலேயே வந்து போனான். யாராவது இறங்கும்போதே உங்கள் கை உயரும். "மெல்ல, மெல்ல" என்பீர்கள். ஜங்ஷன் எதிரில் டீக்கடையில் ஆட்டோக்காரர்கள் காத்திருப்பார்கள்.

"என்னா மொதலாளி, கதவ சாத்துறீங்களா, தூங்க வைக்கிறீங்களா?"

"ஒடஞ்சா நீ சுட்டுத் தருவியாடா?"

"தாலாட்டு வேணும்னா பாடித் தரேன்!"

நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். பீங்கான் கார் என்று பெயர் வந்ததில் உங்களுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. என் கோபம் எப்போதும் கதவில்தான் போகும். பேசத் தெரியாது. திட்டக்குடியில் எங்கள் வீட்டில் நான் கோபமாக இருக்கிறேன் என்பதைத் தெருவே கதவுச் சத்தத்தில் தெரிந்துகொள்ளும். "இவ கோவத்துக்கு நம்ம வூட்டுக் கதவு மூணு கீலு மாத்தியாச்சு" என்பாள் அம்மா. உங்களிடம் வந்து ஒரே வருடத்தில் என் கை மாறிவிட்டது. காரில் பழகியது பீரோவுக்கு வந்தது, பீரோவிலிருந்து குளியலறைக்கு. கோபம் மட்டும் அப்படியே இருந்தது, போக வழியில்லாமல்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ரசாயனக் கூடத்தில் வேலைக்கு ஆணை வந்தது. விடுதியில் தங்க வேண்டும், சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம். ஆனி மாதம் கல்லூரி திறக்கும்போது சேர வேண்டும்.

"நாலு ஆள வச்சி வேல வாங்குறவன் பொண்டாட்டி, ஆஸ்டல்ல தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?" என்றீர்கள். மூன்று நாள் சண்டை. உங்களை அடித்தவர் என்று சொல்ல மாட்டேன், கையே ஓங்கியதில்லை. 'முடியாது' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவீர்கள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அம்மாவிடம் போனில் அழுதுவிட்டு, நான் பெட்டியைக் கட்டினேன். அம்மா வீட்டுக்குப் போகிறேன், அங்கிருந்து திருச்சிக்குப் போய்விடுவேன் என்றேன்.

"பஸ்ஸுல போனா ஊரே பாக்கும். நானே கொண்டுபோயி வுடுறேன்."

பெண்ணாடம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. இறங்கிப் போய் நுங்கு வாங்கி வந்து நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. அது உங்கள் மடியிலேயே இருந்து வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் இந்தக் கதவை அறைந்து சாத்த வேண்டும். அம்மா கேட்பாள். கேட்டால் போதும், அவள் என்னைத் திருப்பி அனுப்ப மாட்டாள். நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். இறங்கினேன். கதவைப் பிடித்து இழுத்து வீசினேன். நீங்கள் அன்று 'மெல்ல' என்று சொல்லவில்லை. ஆனாலும் பாதி வழியில் என் இன்னொரு கை போய்க் கதவைத் தாங்கியது. இடுப்பால் ஒரு அழுத்து. பூட்டு விழுந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"வாங்க மாப்ள, வாங்க" என்றாள் அம்மா. அடுப்படிக்கு வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "போன்ல அழுத அழுகைக்கி நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்டி. கதவ சாத்துனதுலயே தெரிஞ்சிபோச்சு. கோவமெல்லாம் பெண்ணாடத்தோட எறங்கிடுச்சு."

"அம்மா, திருச்சிக்கி..."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல மாப்ளைக்கி எலயப் போடு."

இலையைப் போட்டேன். நீங்கள் இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டீர்கள். சாயந்திரம் என் பெட்டியை அம்மாவே தூக்கி வந்து பின் இருக்கையில் வைத்தாள். இருபத்திரண்டு வருடங்கள். ஆணை அந்தப் பெட்டியின் மடிப்பிலேயே மஞ்சளித்தது. வீட்டுக் கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக் கொடுத்தேன். நம் மகள் வளர்ந்து கேட்டபோது இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன்: "உங்கப்பாவோட பீங்கான்தான் என்னக் கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சு." நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு ஒரு நொடி பிந்தி வந்ததோ என்று நேற்றுத்தான் தோன்றியது.

இன்று காலை சவரி வந்தான். கதவின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துருவைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"இதுல பீங்கான் இல்லையே சவரி."

தலையைச் சொறிந்தான். "அது எப்பவோ போச்சு அண்ணி."

"எப்போ?"

"இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்."

"எப்போன்னு கேட்டேன்."

சுரண்டுவதை நிறுத்தினான். "உங்களுக்குக் கல்யாணமான மறு வருசம். பொங்கலுக்கு முந்துன வாரம். நாலு கதவுலயும் பாதிக்கு மேல ஒடஞ்சி உள்ள வுழுந்து கெடந்துச்சு. கதவ ஆட்டுனா கிலுகிலுப்ப மாதிரி சத்தம். எல்லாத்தையும் எடுத்துட்டு, எண்ண டின்ன வெட்டி நானும் அண்ணனும்தான் கிளிப்பு பண்ணிப் போட்டோம். யாருகிட்டயும் சொல்லாதடான்னாரு."

பொங்கல். தை. அந்த வருடம் ஆனியில்தான் நாம் திட்டக்குடிக்குப் போனோம். ஐந்து மாதம் முன்பே அந்தக் கதவில் உடைவதற்கு ஒன்றும் இல்லை.

"அப்பறமும் மெல்ல மெல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே?"

"தொழிற்பேட்டையே வந்து அந்தப் பீங்கானத் தொட்டுப் பாத்துட்டுப் போச்சு அண்ணி. ஒடஞ்சிபோச்சுன்னு எப்பிடிச் சொல்லுவாரு? அவருக்கு வாயி வரல." சவரி சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். துருவைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"ஒருநாளு திட்டக்குடிலேருந்து வந்து உங்கள வூட்ல வுட்டுட்டு நேரா ஒர்க்ஷாப்புக்கு வந்தாரு. ஒக்காந்துகிட்டுத் தன்னால சிரிக்கிறாரு. 'டேய் சவரி, அவ்ளோ கோவம்டா அவளுக்கு. நான் வாங்கிக் குடுத்ததக்கூடத் தொடல. அப்பவும் கதவ மெல்லதான்டா சாத்துனா. உள்ள பீங்கானு இருக்குதுன்னு நெனச்சிகிட்டு. எம் பொருள ஒடைக்க அவளுக்கு மனசு வரலடா'ன்னாரு. அன்னிக்கி எனக்குப் புரோட்டா வாங்கிக் குடுத்தாரு அண்ணி. அதான் ஞாபகம் இருக்குது."

நான் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன். அவன் நான் அழுவதாக நினைத்திருப்பான். அழவில்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

முதலில் கோபம் உங்கள்மேல்தான் வந்தது. இல்லாத ஒன்றைக் காட்டி இருபத்திரண்டு வருடம் என் கையைப் பிடித்து வைத்திருந்தீர்கள். அதுவும் தீய எண்ணத்தில் இல்லை. உடைந்துபோச்சு என்று சொல்லக் கூச்சப்பட்டு. தீய எண்ணமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பிறகு அம்மாமேல். போனில் அழுததைக் கேட்டவள், கதவு சொன்னதை நம்பினாள். நீங்களும் அதையேதான் கேட்டீர்கள். அந்த வாசலில் இரண்டு பேரும் கதவிடம் கேட்டீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு வாய் இருந்தது. 'எலயப் போடு' என்று சொன்னபோது கையில் இலையோடு நான் அங்கேதான் நின்றேன். பீங்கான்தான் தடுத்தது என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேன். அந்தக் கதை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நேற்று அதையும் தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சவரி சொன்னதை என்னால் பொய் என்று ஒதுக்க முடியவில்லை. என் கை கதவைத் தாங்கிய அந்த நொடியை மதியம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பழக்கம்தான், பயம்தான் என்றுதான் தொடங்கினேன். முன்பொரு காலையில் என் உள்ளங்கையில் நீங்கள் வைத்த அந்த வெள்ளைப் பல்லும் அதில் எங்கேயோ இருந்தது. உடைக்க மனசு வரவில்லை என்பது உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சரியாகப் படித்தவர், அதற்கு மேல் ஒரு வரி படித்திருக்கக் கூடாதா? உடைக்க மனசு வராதவளுக்குத் திருச்சிக்குப் போகவும் மனசு இருந்தது. இரண்டும் ஒரே கையில் இருந்தன.

நான் வெளியே வந்தபோது சவரி துருவை எல்லாம் எடுத்து, ஓட்டைகளுக்குச் சிவப்புப் பூச்சு அடித்துக் காயவைத்திருந்தான். துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப்புகளை வைத்து, பழைய ரப்பரை மாற்றி, பட்டையை உள்ளங்கையால் தட்டித் தட்டி உட்கார வைத்தான். ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று விழுந்தது.

"உள்ள ஒக்காந்து கண்ணாடிய ஏத்திக்குங்க அண்ணி. தண்ணி ஊத்திப் பாக்கணும்."

என் இடத்தில், இடதுபக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடியை ஏற்றினேன். அவன் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து கூரைமேல் விட்டான். நாலு பக்கமும் தண்ணீர் இறங்கியது. ஷெட் மறைந்தது, சவரி மறைந்தான், வீடும் மறைந்துபோனது. உள்ளே ரப்பர் வாடையும் என் மூச்சுச் சத்தமும்தான். வெளியில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. நான் பேசினாலும் அப்படித்தான்.

அப்போது சொன்னேன். வாய்விட்டே சொன்னேன்.

"நான் இங்கயே இருக்கறேங்க. நீங்க போயிட்டு வாங்க."

திட்டக்குடி வாசலில் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை, கதவு வேண்டியதில்லை. எவ்வளவு சின்னது பாருங்கள். இத்தனை வருடம் ஏதோ பெரிய பேச்சு என்று நினைத்துச் சுமந்துகொண்டிருந்தேன். கேட்பதற்கு அம்மா இல்லை, நீங்கள் இல்லை. சொன்ன பிறகும் அது குறையாமல் என்னிடமே இருக்கிறது.

சவரி கண்ணாடியைத் தட்டினான். தண்ணீருக்குப் பின்னால் அவன் முகம் நெளிந்தது. "ஒழுவுதா அண்ணி?"

கதவின் அடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

"இல்ல."

"அப்ப எறங்கி வாங்க, போதும்."

"இன்னும் கொஞ்ச நேரம் ஊத்து சவரி" என்றேன்.