ஜன்னலடிக் கீரை

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? பாப்பா தலைசீவ இன்னும் அடம்பிடிக்கிறாளா?

நான் வேலை பார்க்கும் இந்தத் தோட்டத்தில், கோஸ் பாத்திகளில் செடிகளுக்கு நடுவே இடம் சும்மா கிடக்கிறதே என்று நானும் மற்ற ஆட்களுமாக முளைக்கீரை தூவினோம். கோஸ் இலை விரிவதற்குள் கீரையைப் பறித்துவிடலாம். மூன்றே நாளில் முளைத்துவிட்டது. வேடிக்கையைக் கேளுங்கள், பாத்தியிலிருந்து என் அறை வரைக்கும் ஒற்றைக் கோடாகவும் முளைத்திருக்கிறது. என் ஜன்னலுக்குக் கீழே மட்டும், யாரோ வெகுநேரம் நின்று சிந்தியதுபோல் அடர்த்தியாக.

"உன் பையில ஓட்டை இருக்கும்மா, போய்த் தைச்சுக்கோ" என்று மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். நான் விதை கொண்டுபோவது மூடி போட்ட டப்பாவில் என்று அவரிடம் சொல்லவில்லை.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. கெட்டியான திரைத்துணி ஒன்றும், உங்கள் பழைய சட்டை இரண்டும் அனுப்புங்கள். ஒரு சட்டையை வெளிக்கொடியில், பார்ப்பவர் கண்ணில் படும்படி காயப்போடுவேன். இன்னொன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள், அது எனக்கு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஜன்னலடிக் கீரையை அன்றே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டேன். இன்று காலை என் வாசற்படி ஓரத்தில் புதிதாக இரண்டிலை விட்டிருக்கிறது.

உங்கள் வாயாடி