எதிர்ப்பு இல்லாத கடல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நிலக்கரியை எந்த நாடு எப்படிக் கைவிடுகிறது என்று ஒப்பிட்டு நீ டெல்லியில் எழுதிய அறிக்கையை என் மகள் ஜாய்சி வாசித்துக் காட்டினாள். டென்மார்க்கில் கடலுக்குள் காற்றாலை நடுமுன் மீனவர்களிடம் பேசி, இழப்பீடு கொடுப்பார்களாம். ஜெர்மனியில் சுரங்கத்தை மூடுமுன் தொழிலாளிக்கு வழி செய்கிறார்களாம். நம் புன்னக்காயல் கடலில் வரப்போகும் காற்றாலைக்கு மட்டும் ஒரே வரி: "மக்களிடம் எதிர்ப்பு இல்லை."

காற்றாலை வரட்டும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கி இருமி இருமியே போன அப்பாவின் மகளுக்கு அதன்மேல் என்ன பகை? ஆனால், "இனி வலைய எங்கன போடச் சொல்லுதான் ஒங்க அண்ணன்?" என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்த தேதியையும் போட்டிருக்கிறாய். நவம்பர் இரண்டு. செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாளன்று நம் ஊரில் எவன் கூட்டத்துக்குப் போவான்? டெல்லிக்காரனுக்குத் தெரியாது. சின்ன வயதில் தேவாலயத்தில் பூசைக்கு உதவிய உனக்குமா தெரியாது? ஊரே கல்லறையில் நின்றது. நீ காலி நாற்காலிகளைச் சம்மதம் என்று எழுதிவிட்டாய்.

அப்பாவுக்கு அது முதல் கல்லறைத் திருநாள். பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருட்டியதும் உன் சார்பிலும் அப்பா கல்லறையில் நானே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அந்த மெழுகுவர்த்தியை வைத்து, எனக்கும் எதிர்ப்பு இல்லை என்று எழுதிவிடாதே.

இன்னமும்
உன் தங்கைதான்