இடது இருக்கை

ஜனவரி 9

மூப்புப் பட்டியலைப் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். கேப்டன் பயிற்சிக்குக் காத்திருக்கும் துணை விமானிகளில் முதலில் நெட்டையன், அடுத்து நான். சிறிய விமானங்களில் இந்த வருடம் மூன்று கேப்டன்களுக்கு ஓய்வு வயதான அறுபத்தைந்து முடிகிறது: மார்ச், ஜூன், ஆகஸ்ட். அவர்கள் வீட்டில் மறந்தாலும் அந்தப் பிறந்த நாள்களை நாங்கள் மறக்க மாட்டோம். ஏழு வருடம் வலது இருக்கை. ஜூனில் இடது, கேப்டன் இருக்கை.

அம்மாவுக்கும் மே மாதம் அறுபத்தைந்து. அவள் கடல் தாண்டும் பெரிய விமானத்தின் கேப்டன். அவள் ஓய்வுக்கும் என் இருக்கைக்கும் சம்பந்தமில்லை. நல்லவேளை.

ஜனவரி 27

சம்பந்தம் வந்துவிட்டது.

ஓய்வு வயதை அறுபத்தேழாக்கிச் சட்டம் வந்திருக்கிறது. விமானிகள் அறையில் ஆளுக்கொரு முறை அதைப் படித்தோம். பிறகு நெட்டையன் என் தோளைத் தட்டி, “ஜாலிதான். இன்னும் ரெண்டு வருஷம் நாம சின்னப் பிள்ளைங்களாவே இருக்கலாம்” என்றான்.

மார்ச்காரரும் ஜூன்காரரும் சட்டம் எதுவானாலும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட்காரரும் மற்றவர்களும் இருக்கப் போகிறார்கள். ஆக இரண்டு இடம், இரண்டு பேர். ஆனால் பிற நாடுகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அறுபத்தைந்து தாண்டியவர் அங்கே பறக்க முடியாது. பறக்க விரும்பினால் பெரிய விமானத்திலிருந்து இறங்கி, உள்நாட்டுச் சிறிய விமானத்துக்கு வரலாம். மூப்பு அவர்களுக்குத்தான்.

அம்மா வர விரும்பினால் ஜூன் மாத இருக்கை அவளுடையது. விரும்பாவிட்டால் என்னுடையது.

ஜனவரி 30

ஏன் அறுபத்தைந்து? மூன்று நாளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரு காலத்தில் அறுபதாக இருந்தது. அதற்கும் இதயம், கண், நினைவு என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அதே காரணங்களை வைத்துக்கொண்டே ஐந்து வருடம் கூட்டினார்கள். ஒரே இதயம் எல்லைக்கு இந்தப் பக்கம் தகுதியானது, அந்தப் பக்கம் தகுதியற்றது. இந்த எண்ணை யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் அல்லவா? அவருக்கு அப்போது என்ன வயது?

பிப்ரவரி 2

அம்மா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா மட்டும் “மே மாசத்துக்கு அப்புறம்” என்று ஆரம்பிப்பதை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 11

கேட்டேன். நேற்றிரவு அம்மா சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் இன்னும் ஓட்ட வேண்டும் என்று சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். பாதிக்குப் பாதியாவது.

காலரைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “உங்கப்பாவக் கட்டி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. பழைய டைரியெல்லாம் எடுத்து எண்ணிப் பாத்தேன். ஒரே வீட்ல இருந்தது பதினோரு வருஷம். மிச்சம் பூரா ஓட்டல் ரூம்தான். திடீர்னு தினமும் வீட்ல இருன்னா... பயமா இருக்குடி.”

இருட்டில் இடி மின்னலுக்கு நடுவே முந்நூறு பேரை இறக்கியவள். அப்பாவோ பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற, குரலே உயராத மனிதர். எதைக் கண்டு பயம்?

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இன்று சிறிய விமானத்துக்கு வருவதற்கான விருப்பப் படிவத்தைக் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 3

அறுபத்தைந்தைத் தாண்டுபவர்களுக்கு நினைவுத்திறன் சோதனை உண்டு. சாப்பாட்டு மேசையில் பயிற்சி. நான் எண்களை வாசிக்க, அம்மா அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பா நடுவர்.

எட்டு இலக்கம் வரை தடுமாறவில்லை. பிறகு அவள் வாசிக்க நான் சொன்னேன். ஆறிலேயே குழம்பினேன். “ரிட்டயர்மென்ட் யாருக்குன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு” என்றார் அப்பா.

இதை இங்கேதான் எழுத முடியும்: ஒவ்வொரு வரிசையிலும் அவள் தடுக்கி விழக் காத்திருந்தேன்.

மார்ச் 20

சிறிய விமானத்தை அம்மா ஓட்டிப் பன்னிரண்டு வருடமாகிறது. இரண்டு வாரமாக மறுபயிற்சி. நாளை மறுநாள் சிமுலேட்டரில் தேர்வு. தவறினால் மே மாதத்தோடு வீடு. வலது இருக்கையில் உட்கார வேண்டியவருக்குக் காய்ச்சலாம். அட்டவணை அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பறக்கும்போதுதான் உறவினர் சேர்ந்து உட்காரக் கூடாது. சிமுலேட்டருக்கு அந்த விதி இல்லையாம்.

மறுத்திருக்கலாம். பார்க்க ஆசையாக இருந்தது. அம்மா ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 22

எவ்வளவு அழகாக ஓட்டுகிறாள். கையே அசைவது தெரியவில்லை.

கடைசிச் சோதனை: மூடுபனியில் இறங்கும்போது தேர்வாளர் ஓர் இயந்திரத்தை அணைத்தார். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்ப மேலே போயாக வேண்டும். ஏறத் தொடங்கியதும் நான் “ஏறுகிறது” என்று சொல்ல வேண்டும். உடனே கேப்டன் சக்கரங்களை மடக்கச் சொல்ல வேண்டும். தொங்கும் சக்கரங்களோடு ஒற்றை இயந்திரம் திணறும். கேப்டன் மறந்தால் துணை விமானி நினைவூட்ட வேண்டும். என் வேலையே அதுதான்.

“ஏறுகிறது” என்றேன்.

அம்மா சொல்லவில்லை. விமானத்தின் மூக்கு திரும்பாமல் காலால் அழுத்திப் பிடித்திருந்தாள், கண் கருவிகளில் இருந்தது. சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.

அரை நொடி இருக்கும். அதற்குள் ஜூன் மாதம் முழுவதும் வந்து போனது.

“சக்கரம்” என்றேன். “மடக்கு” என்றாள். தேறிவிட்டாள். கேப்டன் மறப்பதைத் துணை விமானி பிடிப்பதற்காகத்தான் இரண்டு பேர் என்று சொல்லி, தேர்வாளர் என்னையும் பாராட்டினார்.

திரும்பும்போது அம்மாதான் கார் ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது, என்னைப் பார்க்காமல், “கொஞ்சம் தாமதிச்ச” என்றாள்.

“நீதாம்மா மறந்த.”

“மறந்தேன். வயசா, விமானம் பழகாததான்னு எனக்கே தெரியல. அதுக்கு இன்னும் பயிற்சி எடுத்துக்குவேன்.” பச்சை விழுந்தது. “நீ மறக்கலையே.”

அதற்குப் பிறகு பசிக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 23

அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். காலையில் எனக்கும் சேர்த்துக் காபி போட்டு வச்சிருந்தா — திட்டியிருந்தாலாவது பரவாயில்ல. நான் என்ன அவ்வளவு மோசமா? அரை நொடிதானே? சொல்லிட்டேன்ல?

பின்னால் நிஜமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தால்?

ஏப்ரல் 6

இரண்டு வாரமாக வயதான கேப்டன்களோடுதான் பறந்தேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து என்னையே கவனித்தேன். ஒருவர் வானொலியில் ஊர்ப் பெயரைத் தவறாகச் சொன்னார். திருத்தினேன், உடனே திருத்தினேன். ஆனால் அதற்குமுன் உள்ளே ஏதோ ஒன்று மகிழ்ந்தது. அதுதான் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. சட்டம் அவர்களுடைய நினைவைச் சோதிக்கிறது. காத்திருக்கிறவளின் மனதைச் சோதிக்க ஒரு படிவமும் இல்லை.

இன்று பெரிய விமானத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அம்மா காலி செய்யும் இடத்துக்கு அங்கே ஒரு துணை விமானி கேப்டனாகிறார்; அவருடைய வலது இருக்கை எனக்குக் கிடைக்கும். அந்தப் பட்டியலில் நான் கடைசி. இடது இருக்கைக்கு எட்டு வருடமாவது ஆகும்.

“ரெண்டு வருஷத்தக் குடுத்துட்டு எட்டு வருஷத்த வாங்கிட்டு வர்றியா? உனக்கு மண்டையில அடி கிடி பட்டுச்சா?” என்றான் நெட்டையன். கடல் பார்க்க ஆசை என்றேன். அதுவும் பொய்யில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் தன் பெரிய பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். ஒரு சக்கரம் கோணும், இடது பக்கமாகச் சாய்த்து இழு என்றாள்.

செப்டம்பர் 18

ஓட்டல் அறை, பதினான்காம் மாடி. இங்கே நண்பகல். நேற்று ஒன்பது மணி நேரம் கடலுக்கு மேல். மேகத்தின் நிழல் தண்ணீரில் விழுவதை முதல் முறையாகக் கவனித்தேன். பக்கத்தில் இருந்த கேப்டனுக்கு என்ன வயது என்று இறங்கிய பிறகும் எனக்குத் தெரியாது.

அம்மா கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது உள்நாட்டு விமானம் மட்டும். தினமும் ஏழு மணிக்கு வீட்டில். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“உங்கப்பா அடுப்படியில தனியாப் பேசிக்கிட்டே இருக்காரு. மூக்குக்கண்ணாடி எங்க வச்சேன், மழை வருமான்னு. டாக்டர்கிட்ட காட்டணுமோ?”

“உன்கிட்டத்தாம்மா பேசறாரு. நீ இல்லாதப்பல்லாம் அப்படித்தான். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு, தொலைபேசியை விட்டு விலகி, அம்மாவின் குரல் கேட்டது:

“டிவி மேல இருக்குங்க. கண்ணாடி.”