நான் இல்லாத புத்தகம்

மில்பர்ன், ஒஹாயோ
பிப்ரவரி 9, 1874

அன்புள்ள என் கணவர் லைமனுக்கு,

அல்மீரா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சட்டசபைக் கூட்டம் இன்னும் நீளும் என்று பத்திரிகையில் பார்த்தேன். கொலம்பஸ் நகரக் குளிரில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதீர்கள். ஹாட்ச் வீட்டு வேலி வழக்கைத் தள்ளிவைத்துவிட்டதாக உங்கள் குமாஸ்தா சொன்னார்.

நீங்கள் எழுதிய கதைப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஊர் கைக்குப் போய்விட்டது. தேவாலயப் பெண்கள் தையலுக்குக் கூடியபோது திருமதி டட்டில் அதை உரக்கப் படித்தார். நாயகியின் பொன்னிறக் கூந்தல், பாடும்போது கண்ணை மூடிக்கொள்வது எல்லாம் வந்ததும், "அடியம்மா, இது அவரோட மொதல் சம்சாரம் துருசில்லாவேதான்! செத்து ஏழு வருஷமாச்சு, மனுஷன் ஒரு முடியக்கூட மறக்கலையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எந்த அத்தியாயத்துல வர்றே, அல்மீரா?" என்றார். "நான் கதையில வர்றவ இல்ல, அவர் எழுதறப்போ விளக்குக்கு எண்ணெய் ஊத்தினவ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விரலில் ஊசி ஏறியிருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஹாட்ச் வழியில் நிறுத்தி, "அடுத்த தடவையும் வக்கீலய்யாவுக்குத்தான் என் ஓட்டு. அந்தம்மா சாகுற எடத்தைப் படிச்சுட்டு என் வீட்டுக்காரி ரெண்டு நாளா ஒழுங்கா சமைக்கலை" என்கிறார். செத்தும் அவள் உங்களுக்கு ஓட்டுச் சேர்க்கிறாள்.

கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் அவள் பெயரை நீங்கள் வீட்டில் சொன்னதே இல்லை. என் மனம் நோகக்கூடாது என்றுதான் என நினைத்துப் பெருமைப்பட்டேன். எனக்குச் சொல்லாததைக் கடையில் வாங்குகிற எவருக்கும் சொல்லியிருக்கிறீர்கள்.

உயிரோடு இருப்பவளாக இருந்தால் வாசலில் நின்று சண்டையாவது போட்டிருப்பேன். அவளுக்கோ வயதே ஆகாது. ரொட்டியைக் கருக்கவும் மாட்டாள்.

புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை படித்தேன். அவள் சாகும் இடத்தில் நானும் அழுதேன். அதற்கும் சேர்த்துத்தான் உங்கள் மேல் கோபம்.

இன்னொரு செய்தி. மருத்துவச்சி நேற்று வந்து பார்த்துவிட்டு, ஆகஸ்ட் மாதம் பிறக்கும் என்றார். மகன் என்றால் உங்கள் அப்பா பெயரையே வையுங்கள், எனக்குச் சம்மதம். மகள் என்றால் பெயரை நான்தான் வைப்பேன். நீங்கள் எதுவும் யோசித்துவைக்க வேண்டாம். சரி என்று ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மனைவி,
அல்மீரா