கோயில் மைக்கில் உன் குரல்

மக்கா நந்தனா,

நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்க இந்தத் தடவை கை வரவில்லை, சுகமில்லை என்று எனக்கு மட்டுமில்லை, அமரவிளை வரைக்கும் தெரிந்துபோயிற்று. போனில் சொல்லாமல் உன் ஆபீஸ் விலாசத்துக்குக் காகிதம் எழுதுகிறேனே என்று பயப்படாதே, காரணம் உண்டு.

மண்டலகாலம் அல்லவா, கோயிலில் தினம் ஒரு வீட்டு உபயமாக விளக்கு. நம் முறை வந்த அன்றைக்கு அப்பா, நீ வாங்கித் தந்த டேப்லெட்டை மைக்செட்டோடு புளூடூத்தில் சேர்த்துப் பாட்டுப் போட்டார், பெருமை தாங்கவில்லை. சேர்க்கத் தெரிந்த மனுஷருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மறுநாள் அந்திக்குக் கோயிலில் மைக்செட்டைப் போட்டதும், மதிலுக்கு இந்தப் பக்கம் நம் அடுக்களையில் இருந்த டேப் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு என்ன தெரியும், நீ வாட்ஸாப்பில் பேசி அனுப்பியதை அமுக்கினேன், சத்தம் வரவில்லை, கூட்டி வைத்துத் திரும்பத் திரும்ப அமுக்கினேன். அபிலாஷ் கைநீட்டுகிறான், இனி அவனோடு இருக்க முடியாது, அப்பாவிடம் சொல்லாதே என்று நீ அழுததெல்லாம் கோயில் மைக்கில் போயிற்று மக்கா. மைக் குழாய்கள் அந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்து இருந்ததால், முற்றத்துக்கு இறங்கியபோதுதான் என் காதிலேயே விழுந்தது.

அப்பா கோயிலில்தான் நின்றார். கமிட்டி செக்ரட்டரி சுனில்குமார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அணைக்காமல் வாய் பிளந்து கேட்டான், கடைசியில் அப்பாதான் வயரைப் பிடுங்கி எறிந்தார். சீ, என்ன ஜென்மங்கள். விடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து, விஜயம்மா, பிள்ளைக்கு இப்போ எப்படி உண்டு என்று உச்சுக்கொட்டினார்கள், அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் கதவைச் சாத்தினேன். அதைவிடக் கேவலம், திருப்புறத்திலிருந்து உன் மாமியார் கூப்பிட்டாள். மகன் அடித்தானா என்று ஒரு வார்த்தை இல்லை, எங்க மானத்த மைக்கு வச்சு கெடுத்தாச்சே என்றாள். அந்த வீட்டில் போய் சம்பந்தம் பேசிச் சாப்பிட்டோமே, அருவருப்பாக இருக்கிறது.

டேபைப் பிரித்துத் தர வந்த உன் அத்தை மகள் ஷீனாதான் ஒன்று கேட்டாள். வேலை மாறப்போவதாக நீ வாட்ஸாப்பில் இந்த அம்மாவுக்கு மட்டும் எழுதியது அபிலாஷுக்கு எப்படித் தெரிந்தது? உன் வாட்ஸாப்பை அவன் லேப்டாப்பிலும் சேர்த்துவைத்துப் படிக்கிறான் ஆக்கும் என்றாள். ஒளிந்திருந்து பார்க்கிற புத்தி, தூ. அதனால்தான் இந்தக் காகிதம். வீட்டில் வைத்து எதையும் அழிக்காதே, அவன் உஷாராகிவிடுவான். இது கையில் கிடைத்ததும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதே, உன்னோடு வேலை பார்க்கும் பெண் யார் வீட்டிலாவது தங்கிக்கொள். அங்கே போய், உன் வாட்ஸாப் வேறு எதிலெல்லாம் திறந்து கிடக்கிறது என்று பார்த்து எல்லாவற்றையும் வெளியே தள்ளு, போனின் பூட்டு எண்ணை மாற்று. புளூடூத் வேலை இல்லாதபோது அணைந்தே கிடக்கட்டும், கண்ட வைஃபையிலும் போய் ஒட்டாதே. நகையும் பட்டுச்சேலையும் அங்கேயே கிடந்து நாறட்டும்.

அப்பா அன்றைக்குச் சோறு தொடவில்லை. காலையில் நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்குப் போய் வந்து டிக்கெட்டை என் முன்னால் வைத்தார். போக ஒன்று, வர இரண்டு. புதன்கிழமை மத்தியானம் உன் ஆபீஸ் வாசலில் நிற்பார், நீ ஒன்றும் விளக்கவேண்டாம், அவருக்கு எல்லாம் கேட்டாயிற்று.

கண்ணன் உன்னைக் கைவிடமாட்டான். போனை மறக்காமல் சரிசெய்.

உன்னைப் பார்த்திருக்கும்
அம்மா விஜயம்மா