ஏரி நண்டில் திரும்பிய கோடு

இன்று காலை திரையில் அந்தக் கோடு மறுபடி வந்தது. ஒரு நண்டின் மரபணுத்தொடர் மேலே, இன்னொன்றினது பக்கவாட்டில். இரண்டும் ஒத்துப்போகும் இடமெல்லாம் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்து மூலைக்கு மூலை ஒரே கோடாக ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அது ஒடிந்து எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. நீ காட்டிய அதே இடம்.

அன்றைக்கு நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இங்க பாருடி, எங்க ஏரி நண்டுல இந்தத் துண்டு அப்படியே திரும்பிக் கெடக்குது. கடல் நண்டுல அப்படி இல்ல" என்றாய். மரபணுத்தொடரைத் துண்டு துண்டாகப் படித்ததை மென்பொருள் தப்பாக ஒட்டியிருக்கும் என்றேன் நான், நிமிராமலே.

"இன்னாடி, பாக்காமயே சொல்ற?"

"ஒரே நண்ட வச்சு யாரு நம்புவாங்க? இன்னொண்ணு கொண்டா, பாக்கலாம்."

அந்த வாரமே ஊருக்குப் போய், உன் அப்பாவோடு நண்டு பிடிக்க ஏரிக்குள் படகில் போனாய். காற்று சரியில்லாத நாள். திரும்பும்போது முகத்துவாரத்தருகே படகு கவிழ்ந்தது. நீ நைனா என்று கூப்பிடும் உன் அப்பா நீந்திக் கரையேறினார். உன்னை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அவர் ஈரச்சாக்கு ஒன்றுடன் ஆய்வகத்துக்கு வந்தார். "படகுல கட்டியிருந்திச்சு. இதுக்குத்தாம்மா போனோம்." உள்ளே, கால்கள் கட்டிய பச்சை நண்டு. உயிரோடு இருந்தது. வாயில் நுரை கொப்பளித்துக்கொண்டிருந்தது.

அதன் திசுவை உறைபெட்டியில் வைத்துவிட்டு இரண்டு ஆண்டுகள் தொடவில்லை. வேறு எதையெதையோ ஒப்பிட்டேன். எந்தப் படத்திலாவது கோடு சற்று நெளிந்தால், பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். போன மாதம்தான் அதன் மரபணுத்தொடரைப் படிக்கக் கொடுத்தேன். இன்று விடை வந்தது. நீ சொன்னதுதான் சரி.

மதிய ரயிலில் உன் ஊருக்கு, ஆரம்பாக்கம் போனேன்.

"அப்ப எம்பொண்ணு சொன்னது நெசந்தானா?" என்றார் உன் நைனா.

"நெசந்தான் நைனா." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "இன்னொரு நண்டு வேணும்னு கேட்டதே நான்தான்."

"தெரியும்மா. படகுல வர்றப்பவே சொல்லிச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். என்னைப் பற்றி வேறு என்ன சொன்னாய், கோபமாகவா, சிரித்துக்கொண்டா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. திரும்பும் ரயிலிலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இன்னொரு நாள் போய்க் கேட்டால், அவர் சொல்லிவிடுவார் என்கிற பயமும்.